அப்பச்சிக்குக் கண்ணில் கோளாறு இல்லை

அன்புள்ள சொக்கலிங்கத்துக்கு,

ஆத்தா எழுதுவது. நீ அனுப்பிய டேப்லெட் வந்து சேர்ந்தது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக் கொடுத்தேன். அப்பச்சிக்கு வாசிக்க வரவில்லை. பெரிதாக்கினால் இன்னும் மோசம். பிடிவாதம் என்று நினைத்து அவரைக் கோபிக்காதே.

கண்புரை எடுத்தாயிற்று, கண்ணாடியும் மாற்றியாயிற்று, கண்ணில் குறையே இல்லை என்றார்கள். அப்புறம்தான் மதுரையில் நரம்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேனில் மூளையின் பின்பக்கம் சுருங்கியிருக்கிறது. கண் பார்ப்பதை எழுத்தாகவும் வரியாகவும் சேர்த்துத் தருகிற இடமாம் அது. போஸ்டீரியர் கார்டிகல் அட்ரோபி என்று எழுதிக் கொடுத்தார். 1988-ல் பிராங்க் பென்சன் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய பிறகுதான் இதற்குத் தனிப்பெயர் வந்ததாம். பெரும்பாலும் ஞாபகத்தை அழிக்கிற அல்சைமர் நோய்தான் இப்படி வேறு வழியில் வருகிறதாம், 50 முதல் 65 வயதுக்குள். இவருக்கு அறுபதாம் வயதுச் சாந்தி முடிந்த கையோடு வந்திருக்கிறது.

ஞாபகம் இப்போதைக்கு நன்றாகவே இருக்கிறது. உன் கல்யாணத்து மொய்ப்பண ஏட்டில் யார் எவ்வளவு என்று கேட்டால் பாராமல் சொல்வார். ஏட்டைக் கையில் கொடுத்தால் முதல் பேரைப் பிடித்துவிடுகிறார். அடுத்த வரிக்கு இறங்கும்போது கண் வேறெங்கோ போய்விடுகிறது. பெரிய எழுத்தில் ஒரு துண்டுதான் அகப்படுகிறது. ‘கொ’வில் கொம்பு தெரிந்தால் கால் தெரிவதில்லை. சின்ன எழுத்தென்றால் சொல் முழுதாகத் தெரிகிறது, விந்தைதான். போன முகூர்த்தத்தில் பங்காளி வீட்டில் மொய் எழுதக் கூப்பிட்டார்கள். கை வலி என்று நழுவிவிட்டார். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

அட்டையில் ஒரு சொல் அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அதை நகர்த்தி நகர்த்தித் தலைப்புச் செய்தி வாசிப்பார். மீதிப் பேப்பரை நான் வாசிக்கிறேன். அரசியல் பக்கம் வந்தால் என்னை வாசிக்க விட்டால்தானே!

வளவில் தரைக்குப் போட்ட ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலை சில நேரம் பள்ளமாகத் தெரிகிறதாம், காலைத் தூக்கி வைக்கிறார். முற்றத்துப் படி ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான், இருக்கட்டும்.

இனிமேல் அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதாதே, பேசி அனுப்பு. வருகிறவர்கள் பேப்பரை நீட்டி “இது என்ன எழுத்து, சொல்லுங்கள்” என்று சோதிக்கிறார்கள்; நீயும் அதைச் செய்யாதே. அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கையெழுத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். பிள்ளையார் நோன்புக்கு வரும்போது எடுத்து வா. முழுதும் வாசித்துக் காட்டு, அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல், அப்புறம் போடட்டும்.

அன்புடன்,
ஆத்தா