ஐஸ் மேல் நடக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏரி உறைந்துவிட்டது, துளை போட ஆகர் வாங்கிவிட்டேன், சனிக்கிழமை போகிறேன் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். எழுதினால் கிளம்புவதற்கு முன் ஒருமுறையாவது படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

சின்ன வயதில் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய், "குளிர்காலத்துல மட்டும் ஏன்பா என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறே?" என்று. வசந்தத்தில் கரையிலும் கோடையில் படகிலும் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புழு கோக்கக் கற்றுக்கொடுத்தவன், ஐஸ் மேல் மட்டும் ஒரு நாளும் அழைத்துப் போனதில்லை. உனக்குக் குளிர் தாங்காது என்று சொல்லிவைத்தேன். அது நிஜமான காரணம் இல்லை. நிஜத்தை இந்தக் கடிதத்திலேயே சொல்கிறேன். அதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அதைவிடச் சூடானாலும் லேசாகும், அதைவிடக் குளிர்ந்தாலும் லேசாகும். பரீட்சையில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. தூண்டில் பிடிக்கிறவனுக்கோ வருஷம் முழுக்க மீன் எங்கே இருக்கும் என்று காட்டிக்கொடுக்கிற விஷயம்.

ஒரு கோடையில் வெப்பமானியை நூலில் கட்டி நீதான் மீட்டர் மீட்டராக இறக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? மேலே 23 டிகிரி. 5 மீட்டர் வரை பெரிய மாற்றம் இல்லை. அதற்கும் கீழே போனதும் மளமளவென்று இறங்கி 12க்கு வந்துவிட்டது. வெப்பமானி கெட்டுப்போய்விட்டது என்று முகம் வாடிப்போனாய். கெடவில்லை, நீ தெர்மோக்ளைனை, அதாவது சூடு சட்டென்று இறங்குகிற பட்டையைத் தொட்டிருந்தாய். சூடான லேசான தண்ணீர் மேலே மிதக்கிறது, குளிர்ந்த கனமான தண்ணீர் கீழே கிடக்கிறது, இரண்டும் கலப்பதில்லை. பாசியும் களையும் மண்டிய ஏரியில் அடியில் விழுந்து அழுகுவதெல்லாம் அங்கிருக்கிற ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். காற்று படாத தண்ணீர் என்பதால் அது திரும்ப வரவும் வழியில்லை. கோடைக் கடைசியில் அந்தப் பட்டைக்குக் கீழே இரையை இறக்கி நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றும் கடிக்காது. பட்டையை ஒட்டி, சற்று மேலே நிறுத்த வேண்டும். அன்று நீ பிடித்த வால்ஐ (walleye) மீன் அங்கேதான் கிடைத்தது.

வெயில் ஏறினால் ட்ரௌட் மீன் பக்கமே போகக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கும் காரணம் உண்டு. 0 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 25 டிகிரியில் எட்டுதான். 20ஐத் தாண்டிய தண்ணீரில் ட்ரௌட்டைப் போராடவைத்துப் பிடித்துவிட்டு, திரும்ப விட்டுவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொள்வது சரியில்லை. நீந்திப் போன மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் செத்துவிடக்கூடும்.

இலையுதிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து குளிர்ந்து அடித்தண்ணீருக்குச் சமமாகும். ஒரு நல்ல காற்று அடித்தால் போதும், ஏரி முழுவதும் புரண்டு கலந்துவிடும். தண்ணீர் கலங்கி, சில இடங்களில் அழுகின முட்டை வாடை கூட வரும். அந்தச் சில நாள் மீன் வாயே திறக்காது. தெளிந்த பிறகு வருகிற நாட்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. அடிவரை ஆக்ஸிஜன் இருக்கும், பைக் மீன்கள் குளிர்காலத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ள அலையும்.

அப்புறம் உறைபனி. ஏரி மொத்தமும் 4 டிகிரி பக்கம் வந்த பிறகு, அதற்கும் கீழே குளிர்கிற தண்ணீர் லேசாகி மேலேயே தங்கி ஐஸாகிறது. நீ நிற்கப் போகிற ஐஸுக்குக் கீழே எல்லாம் தலைகீழ். மேலே 0, அடியில் 4. குளிர்காலத்தில் ஏரியின் சூடான இடம் அதன் அடிதான். மீனின் உடம்பு அந்தத் தண்ணீரின் சூட்டில்தான் இருக்கும். செரிமானம் மெதுவாகும், பசி குறையும், கடி மெல்லியதாகும்.

நீ போகப் போவது முதல் ஐஸ். களைகள் இன்னும் பச்சையாக இருக்கும், ஆக்ஸிஜன் விட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஆழத்துக்குப் போக வேண்டாம், 2 முதல் 4 மீட்டர் வரையிலான வளைகுடாவில் களை ஓரமாகத் துளை போடு. பெர்ச் மீன் கூட்டமாக வரும். நடுக்குளிர்காலத்தில் பனி மூடி வெளிச்சம் நின்றுபோனால் களை சாகும், மீன் ஆழத்துக்கு நகரும். கடைசியில், பனி உருகி ஓடை வழியாகப் புதுத் தண்ணீர் வரும்போது ஆக்ஸிஜனைத் தேடி எல்லாம் ஓடை வாய்க்குத் திரும்பும். ஆண்டிலேயே அதிகமாக மீன் கிடைக்கிற நாட்கள் அவை. ஐஸ் மிக மோசமாக இருக்கிற நாட்களும் அவைதான்.

உனக்கு ஏழு வயது இருக்கும். மார்ச் கடைசி, இரவெல்லாம் உறைந்து காலையில் ஐஸ் இரும்பு மாதிரி இருந்தது. நான் துளை போட்டு அளந்தேன், 10 அங்குலம். நண்பர் ஒருவரும் கூட வந்திருந்தார். பெர்ச் விடாமல் கடித்தது. மத்தியானம் வெயில் நன்றாக ஏறியும் கிளம்ப மனசு வரவில்லை. ஓடை வாய்க்கு இன்னும் பத்தடி கிட்டே போனால் பெரிய மீன் இருக்கும் என்று போனேன். காலையில் அளந்துவிட்டோமே என்ற தைரியம். பழைய ஐஸ் வெயிலில் நிமிர்ந்த ஊசிகளாகப் பிரிந்து நிற்கும், கனம் குறையாது, பலம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். பெரிய சத்தம் கூட இல்லை. கண்ணாடிச் சில்லுகள் குலுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சலசலப்பு, அவ்வளவுதான். நெஞ்சுவரை தண்ணீர். மூச்சை இழுக்கிறேன், இழுக்கிறேன், விட முடியவில்லை. கையை ஐஸ் மேல் போட்டால் ஓரம் உடைந்து உடைந்து வருகிறது. ஐஸில் ஊன்றி ஏறுவதற்கான ஆணி பதித்த கைக்கட்டைகள் என்னிடம் இருந்தன. அவை பதினைந்து அடி தள்ளி, சறுக்குவண்டியில், பைக்குள் இருந்தன.

நண்பர் படுத்துக்கொண்டு கயிறு எறிந்ததால் இன்று இதை எழுதுகிறேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நீ என் ஈர பூட்ஸைப் பார்த்து "என்னப்பா ஆச்சு?" என்றாய். கரையில் வழுக்கிவிட்டேன் என்றேன். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அதற்குப் பிறகு நான் ஐஸ் மேல் போகாமல் இல்லை, உன்னைக் கூட்டிப்போகத்தான் கை வரவில்லை. உன்னிடம் பொய் சொன்னது இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது அம்மா.

அதனால் இதை நிதானமாகப் படி. கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்று ஓர் ஆய்வாளர், உறைநீர் உடம்பை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத் தானே பலமுறை அதில் இறங்கியவர். அவர் சொல்லும் கணக்கு 1, 10, 1. விழுந்ததும் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, அப்போது வேறு எதையும் செய்யாமல் மூச்சை நிதானமாக்கி வசப்படுத்தப் பார். அடுத்த பத்து நிமிஷம் கைகால் நீ சொன்னபடி கேட்கும், அதற்குள் வெளியே வா. நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பயத்தில் சாகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருப்பதில்லை. வந்த வழியைப் பார்த்துத் திரும்பு, ஏனென்றால் அந்த ஐஸ் உன்னைத் தாங்கியது. ஆணிகளை ஊன்றி, நீச்சல் அடிப்பது போலக் காலை உதைத்து, வயிற்றால் ஏறு. ஏறியதும் எழுந்து நிற்காதே, உருண்டு போ.

விழாமல் இருப்பதற்குத்தான் கடப்பாரை. ஆகர் வாங்கியதாகச் சொன்னாய், கடப்பாரை பற்றிப் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது அதுதான். நடக்கும்போது முன்னால் ஓங்கிக் குத்திக்கொண்டே போ. ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் உன் காலடித் தடத்திலேயே திரும்பு. தெளிவான புது ஐஸ் 4 அங்குலம், அதாவது 10 செ.மீ., இருந்தால்தான் ஓர் ஆள் நடக்கலாம். நீ 5 இல்லாமல் மீன் பிடிக்க உட்காராதே. துளையின் சுவரைக் குனிந்து பார்: கீழே கண்ணாடி மாதிரி கருநீலம், மேலே பால் வெள்ளை. வெள்ளையாக இருப்பது பனி நனைந்து உறைந்தது, அதன் பலம் பாதிதான், அந்த இடத்தில் அளவை இரட்டிப்பாக்கிக்கொள். சாம்பல் நிறமாகக் கருத்திருந்தால் அங்கே நிற்கவே நிற்காதே. ஒரு துளை அளந்தால் ஏரியை அளந்ததாகாது. ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக அளந்துகொண்டு போ. ஓடை வாய், ஊற்று, பாலத்தூண், நாணல் ஓரம், இரண்டு கரை நெருங்குகிற குறுகல் எல்லாம் மெல்லியதாக இருக்கும். பனி அடர்ந்து மூடியிருக்கிற இடத்தையும் நம்பாதே, அது போர்வை மாதிரி குளிரைத் தடுத்து ஐஸை வளரவிடாது. கடுங்குளிர் இரவில் ஐஸ் இடி மாதிரி முழங்கும், பயப்படாதே, அது விரிந்து சுருங்குகிற சத்தம்.

சாமான்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பெர்ச்சுக்கு 6 அங்குலத் துளை போதும், பைக் பிடிக்க 8. அதைவிடப் பெரிய துளையில் யாராவது காலை விட்டுவிடுவார்கள். ஆகர் கத்தியை உறையோடு எடுத்துப் போ, முனை மழுங்கினால் ஐஸைச் சுரண்டுமே தவிர வெட்டாது. தூண்டில் கோல் 70 செ.மீ. நீளம் இருந்தால் தாராளம். தூண்டில் நரம்பு 4 பவுண்டு இழுப்பைத் தாங்கினால் போதும், ஃப்ளூரோகார்பன் என்கிற வகை வாங்கு, தண்ணீர் குடித்து உறையாது. ஈயக்குண்டு வேண்டாம், நீர்ப்பறவைகள் விழுங்கிச் சாகின்றன. டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, சின்னதாக இருந்தும் விர்ரென்று அடிக்குப் போகும். துளையில் மிதக்கும் ஐஸ் தூளை அள்ள ஒரு ஜல்லிக் கரண்டி. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டினால் காற்றுப் போக வர மேலும் கீழும் வழி விடு, கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாது. பருத்தித் துணி உடம்பில் வேண்டாம், கம்பளி போடு. மேலே மிதவை ஜாக்கெட்.

கோல் முனையில் ஊசி மாதிரி மெல்லிய கம்பி ஒன்று வைத்துக்கொள். இரையின் கனத்துக்கு அது லேசாகத் தலை குனிந்து நிற்கும். பெர்ச் கடிக்கும்போது எப்போதும் கீழே இழுக்கும் என்று எதிர்பார்க்காதே. கீழேயிருந்து வந்து இரையை வாயில் எடுத்து அப்படியே சற்று உயர்த்தும். குனிந்திருந்த கம்பி மெதுவாக நிமிரும். வேறு எந்த அசைவும் இருக்காது. கம்பி நிமிர்ந்தால் மணிக்கட்டைச் சுண்டு. இதை நேரில் உனக்குக் காட்ட வேண்டும் என்று எத்தனை குளிர்காலம் ஆசைப்பட்டிருக்கிறேன்!

விட்டுவிடப் போகிற மீனை ஐஸ் மேல் போடாதே, செவுளும் கண்ணும் நொடியில் உறையும். 10 மீட்டருக்குக் கீழே பெர்ச், வால்ஐ மீன்களைப் பிடித்தால் காற்றுப்பை உப்பிக் கண் பிதுங்கி வரும், விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. சாப்பாட்டுக்கு வேண்டியதைப் பிடித்ததும் அந்த ஆழத்தை விட்டு வந்துவிடு. அங்கே உரிமம் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை மீன் என்று போவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்.

தனியாகப் போகாதே. சனிக்கிழமைக்குள் துணை கிடைக்கவில்லையென்றால் அடுத்த சனிக்கிழமை போ. உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே 15 மீட்டர் மிதக்கும் கயிறும், ஆணி பதித்த கைக்கட்டை ஒரு ஜோடியும் இருக்கும். கட்டைகள் என்னுடையவைதான், ஆணியைத் தீட்டி, கழுத்தில் மாட்டப் புதுக் கயிறு கோத்திருக்கிறேன். பைக்குள் வைக்காதே, ஜாக்கெட்டுக்கு மேலே கழுத்தில் போட்டுக்கொள்.

முதல் துளை போட்டதும் அளவுகோலை ஐஸின் அடி விளிம்பில் மாட்டி, எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. மீன் படம் அப்புறம் வரட்டும்.

அன்புடன்,
அப்பா