15ஆவது நிமிஷத்தில் பார்த்தாயா?

டேய் சேகர்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை என்று திட்டித் தீர்த்துவிட்டாய். தப்புதான். இங்கே எல்லோரும் சுகம், பெரியவர் இன்னும் அதே ஸ்கூட்டரில்தான். இனி நீ அனுப்பிய வெஸ்டர்ன் ப்ளாட்டுக்கு, அதாவது செல்லின் புரதங்களைப் பட்டைகளாக (பேண்ட்) காட்டும் அந்தப் படத்துக்கு வருகிறேன்.

செல்லுக்கு அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் கொடுத்தும் ஐ-கப்பா-பி ஆல்ஃபா புரதம் குறையவில்லை, அதைக் காட்டும் ஆன்ட்டிபாடி கெட்டுவிட்டது என்கிறாய். பாவம் ஆன்ட்டிபாடி. நீ செல்லை எடுத்ததே ஒரு மணி நேரம் கழித்து. அதற்குள் கூத்து முடிந்து கூடாரமே பிரித்தாயிற்று!

ஜீன்களை எழுப்பும் புரதமான என்எஃப்-கப்பா-பி செல்லில் முன்பே இருக்கிறது, புதிதாகத் தயாராக வேண்டியதில்லை. 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் புரத உற்பத்தியை மருந்தால் நிறுத்தியும் பார்த்தார்கள். அப்போதும் அது டிஎன்ஏவைப் பிடித்தது. உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில், அதை அமுக்கி வைத்திருப்பது ஐ-கப்பா-பி (நீ பார்க்கும் ஆல்ஃபா அதில் ஒரு வகை). டிஎன்எஃப் வந்ததும் ஐகேகே என்ற கைனேஸ் நொதி ஐ-கப்பா-பி ஆல்ஃபாவின் 32, 36ஆம் இடத்துச் செரின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஒட்டும். அதன் மேல் யுபிக்விட்டின் என்ற அழிப்புக் குறி ஏறும், புரதங்களை அரைக்கும் புரோட்டியசோம் தின்றுவிடும். விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய் ஐஎல்-8 மாதிரி அழற்சி ஜீன்களை எழுப்பும். வேடிக்கை என்னவென்றால், அது சட்டென்று எழுப்புகிற ஜீன்களில் ஒன்று ஐ-கப்பா-பி ஆல்ஃபாவுடையதே. தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரிக்கிறது! புதிதாக வந்த ஐ-கப்பா-பி உட்கருவுக்கே போய் அதை டிஎன்ஏவிலிருந்து பிரித்து வெளியே இழுத்து வரும். 60ஆவது நிமிஷத்தில் நீ பார்த்த தடித்த பேண்ட் இந்தப் புதுச் சரக்கு.

இப்படிச் செய். மில்லிக்கு 10 நானோகிராம் டிஎன்எஃப். 0, 5, 15, 30, 60, 120 நிமிஷம். 120க்கு உரிய தட்டில் முதலில் ஊற்று, 5க்கு உரியதில் கடைசியில். எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் ஐஸுக்குப் போகும். செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் சோடியம் ஃப்ளோரைடும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும் மறந்தால் செரினில் ஒட்டிய பாஸ்பேட் கழன்றுவிடும். கணபதி வழக்கம்போல ஆர்த்தோவனடேட் மட்டும் போதும் என்பான், கேட்காதே, அது டைரோசினில் ஒட்டிய பாஸ்பேட்டைக் காப்பதற்கு. பாஸ்பேட் ஒட்டிய ஐ-கப்பா-பியின் பேண்ட் நன்றாகத் தெரிய வேண்டுமா, அரை மணி முன்பே எம்ஜி132 கொடுத்து புரோட்டியசோமை நிறுத்து. இன்னொரு வரிசையில் புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு போடு: 15இல் மறைந்த பேண்ட் 60இலும் திரும்பாது. அது போதும் உனக்குச் சாட்சி.

0 நிமிஷத்திலேயே பேண்ட் மங்கலாக இருந்தால் செல்லை வளர்க்கும் சீரத்தில், செல்லைத் தூண்டிவிடும் பாக்டீரிய நஞ்சான எண்டோடாக்சின் இருக்கிறதா பார்.

நான் என்எஃப்-கப்பா-பியை அணைத்து நிறுத்தும் இந்த வேலையையே பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இருக்கிறதுடா. ஐ-கப்பா-பி ஆல்ஃபா ஜீனை நீக்கிய எலிக்குட்டிகள் பிறந்து சில நாளில் தோல் முழுக்க அழற்சியோடு செத்துப்போகின்றன. ஏற்றுவதற்கு ஆயிரம் பேர் உண்டு; அணைக்கிறவன் போனால் குட்டி பிழைப்பதில்லை.

அடுத்த ப்ளாட்டை அனுப்பு. ஓரம் வெட்டாமல், அளவை ஒப்பிட டியூபுலின் புரதத்தின் பேண்டோடு.

உன்,
ரகு