பக்குவமாக என்றால்

அன்பு மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. முப்பது ஆண்டு தமிழ் வகுப்பு எடுத்தவள், ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் யோசித்திருக்கிறேன். பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

உன் வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸைப் பற்றி நீ மதிப்பீடு எழுத வேண்டும். உறவினர்களிடம் எப்படி நடந்துகொள்கிறாள் என்ற கட்டத்தில் 'டாக்ட்ஃபுல்லி' என்று போடுவதா வேண்டாமா என்பது உன் குழப்பம். மனைவியின் நிலைமை மோசமாகிவிட்டது என்பதை வராந்தாவில் நின்ற கணவரிடம் அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள் என்று கோபப்பட்டாய். "நாசூக்காக என்பதை விட்டால் தமிழில் இதற்கு வேறு சொல் உண்டா அம்மா?" என்றாய்.

நிறைய உண்டு. ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. நாசூக்கு பாரசீகத்திலிருந்து வந்த சொல். மென்மையானது என்று பொருள். நாசூக்காகப் பேசுகிறவர் எதுவும் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்வார். சாதுரியமாகப் பேசுகிறவருக்குக் காரியம் முடிய வேண்டும். ரப்பர் ஷீட்டுக்கு விலை பேச அப்பா கடைக்குப் போகும்போது அது வேண்டும், நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போது வேண்டாம். சமயோசிதமாக என்பதில் சமயமும் உசிதமும் சேர்ந்திருக்கின்றன. அந்த நேரத்துக்கு எது பொருத்தமோ அதைச் சட்டென்று செய்வது. நயமாக என்பது சொல்லின் இனிமையைப் பற்றியது. ஆத்திசூடியில் ஞகரத்துக்கு 'ஞயம்பட உரை' என்று படித்தாயே, அந்த ஞயம் இந்த நயம்தான். பாட்டி உன்னைப் பள்ளிக்கு அனுப்பும்போது 'சூச்சிச்சுப் போ மக்களே' என்பார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊரல்லவா நம் குமரி மாவட்டம், மலையாளத்தோடு ஒட்டிப் பிறந்த சொல் அது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போ என்று அர்த்தம்.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிக்கும் சொல் பக்குவமாக. வடமொழியில் பக்குவம் என்றால் சமைந்தது, கனிந்தது. சொல்கிறவரின் திறமை மட்டும் அதில் போதாது. கேட்கிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதும் அதற்குள் வருகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

1994இல் பாட்டி இறந்தபோது உனக்கு நான்கு வயது. அப்பா மஸ்கட்டில் இருந்தார். குலசேகரத்தில் ஒரு எஸ்டிடி பூத்தில் நின்று அவருடைய கம்பெனிக்குப் போன் போட்டேன். சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். லைனில் அவர் வந்ததும் என் வாய் தானாக, "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, உடனே புறப்பட்டு வாருங்கள்" என்றது. பாட்டி அதற்குள் இறந்து மூன்று மணி நேரமாகிவிட்டது. தூரத்தில் தனியாக இருக்கிறவரிடம் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நானும் நாசூக்காக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

அவர் திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டி, மார்த்தாண்டம் வழியாக டாக்சியில் வந்தார். வீட்டுக்கு முன்னால் பந்தலைப் பார்த்ததும் டாக்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து வந்தார். அவருடைய பையில் ஒரு போர்வையும் ஆறு பாட்டில் கோடாலித் தைலமும் இருந்தன. அம்மாவுக்கு முட்டு வலி என்று விமான நிலையத்தில் நின்று தேடி வாங்கியிருக்கிறார். என்னைத் திட்டவில்லை. பதினாறாம் நாள் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "நீ சொல்லியிருந்தால் வரும் வழியிலேயே அழுது முடித்திருப்பேன். ஊர் பார்க்க அழ வைத்துவிட்டாய்."

அவரைப் பாதுகாப்பதாக நினைத்து நான் என்னைத்தான் பாதுகாத்துக்கொண்டேன். அவருடைய அழுகையைப் போனில் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவரோடு அறையில் தங்கியிருந்த நம் ஊர்க்காரர் ஒருவரை முதலில் கூப்பிட்டு, "நீங்கள் அவர் பக்கத்தில் இருங்கள், நான் சொல்லப்போகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். பிறகு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் பக்குவமாகச் சொல்வது என்பேன்.

அதனால்தான் அந்தப் பெண்மீது எனக்கு உன் அளவுக்குக் கோபம் வரவில்லை. அவள் உண்மையைச் சொன்னாள். நான் இனிமையாகப் பேசி உண்மையை மறைத்தேன். இரண்டிலும் குறை ஒன்றுதான்: கேட்கிறவரை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது, அரசனுக்கு அருகில் இருப்பவர்களுக்கு. 110ஆவது, காதலர்களுக்கு. முகத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் இரண்டு இடத்திலும் பிழைக்க முடியாது என்று வகுப்பில் சொல்வேன். உன் வேலையும் அப்படிப்பட்டதுதான்.

ஆங்கிலச் சொல்லையும் தேடிப் பார்த்தேன். 'டாக்ட்' லத்தீனிலிருந்து வந்ததாம். தொடுதல் என்று பொருளாம். படித்ததும் அப்பாவின் கைதான் நினைவுக்கு வந்தது. மஸ்கட்டிலிருந்து திரும்பிய பிறகு அவர் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கற்றுக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். விடியும் முன்னால் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு போவார். கத்தி மேலோடு போனால் சிரட்டையில் பால் விழாது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை அங்கே கத்தி ஓடாது. பால் அதிகம் ஓடுவது பட்டையின் உள்பக்கத்தில்தான் என்பதால் உள்ளே இருக்கும் மரத்தைத் தொடுகிற அளவுக்குப் போக வேண்டும், தொட்டுவிடவும் கூடாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அந்த இருட்டில் அதைக் கண் அளக்காது, கைதான் அளக்க வேண்டும். முதல் ஆண்டு அவர் நிறைய மரங்களைக் காயப்படுத்தினார். சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருநாளும் ஏசவில்லை. பின்னால் வந்து நின்று, அப்பாவின் கையின்மேல் தன் கையை வைத்து இழுத்துக் காட்டுவார்.

அந்தப் பெண்ணின் தாளில் 'உண்மையாகச் சொல்கிறாள்' என்பதை முதலில் எழுது, அது சின்ன விஷயம் அல்ல. பக்குவம் போதவில்லை என்பதையும் மறைக்காதே. ஆனால் தாளில் அவள் அதைப் படிப்பதற்கு முன்னால் நீ தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடு, மற்ற நர்ஸுகள் இல்லாத நேரத்தில், டூட்டி முடிந்து களைத்திருக்கும்போது வேண்டாம். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி சொல்ல வேண்டி வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போ. நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதை அவள் பார்க்கட்டும்.

இங்கே மழை தொடங்கப்போகிறது. அப்பா மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்டிக்கொண்டிருக்கிறார், இன்னும் நாற்பது மரம் பாக்கி. பலாப்பழம் இந்த ஆண்டு நிறைய. உனக்கு அனுப்ப வழியில்லையே என்று ஒவ்வொன்றாக வெட்டும்போதும் சொல்கிறார்.

வராந்தாவில் நின்ற அந்தக் கணவரைப் பற்றி நீ பிறகு எதுவும் சொல்லவில்லை. அன்று அவர் சாப்பிட்டாரா? அவர் பக்கத்தில் யாராவது போய் உட்கார்ந்தீர்களா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா