உடைக்கும் முன் அளந்து பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கட்டு அவிழ்த்ததும் நீ முதலில் பார்த்தது தோட்டத்து ஷெட்டுக்குப் போட்ட கான்கிரீட் தளத்தின் கோணலைத்தான் என்று எழுதியிருந்தாயே, படித்துச் சிரித்துவிட்டேன். அறுவை ஒரு மாதம் முன்னால் நடந்திருந்தால் அந்த ஆளுக்குப் பணம் முழுவதையும் கொடுத்திருக்க மாட்டாய்.

இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. வேலையை விட்டு வந்த பிறகு கட்டட விஷயம் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. நீ கேட்டுவிட்டாய். கடிதம் நீளத்தான் போகிறது.

உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதா, மேலே மெல்லியதாகப் பூசி மட்டம் பண்ணுவதா என்று கேட்கிறாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மூன்று மீட்டருக்கு 2.4 மீட்டர், கனம் 10 சென்டிமீட்டர் என்றால் 0.72 கன மீட்டர். கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. ஆக 1,700 கிலோவுக்கு மேல் உடைத்து, அள்ளி, எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அப்புறம் அதே எடைக்குப் புதுக் கலவை உள்ளே வர வேண்டும். நம் வயதுக்கு இது விளையாட்டில்லை.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். தளம் போடும்போதே கோணலாகப் போனதா, நேராகப் போட்டது பிறகு மண்ணோடு இறங்கியதா? பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், வைத்தியம் வேறு. பலகையைக் கோணலாக அடைத்துப் போட்ட தளம் இனி அசையாது. அது சோம்பேறித்தனம், அவ்வளவுதான். இறங்கிய தளம் இன்னும் இறங்கலாம். மேல்மண்ணை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே ஜல்லியைக் கொட்டியிருந்தால், அதில் உள்ள வேரும் இலையும் மக்க மக்க மண் சுருங்கும். பழைய குழாய்ப் பள்ளத்தை மூடி, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்காமல் விட்டிருந்தாலும் அந்த மூலை இறங்கும். களிமண் என்றால் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், அதோடு சேர்ந்து தளமும் ஏறி இறங்கும்.

இதைக் கண்டுபிடிக்க, தளத்தில் விரிசல் இருந்தால் அதன்மேல் விரலை வைத்துக் குறுக்காக நகர்த்திப் பார். இரு பக்கமும் சமமாக இருந்து, விரிசலும் மயிரிழை அளவுதான் என்றால் அது பெரும்பாலும் காய்ந்து சுருங்கியதால் வந்தது. அதைப் பற்றித் தூக்கம் கெட வேண்டாம். ஒரு பக்கம் படி போல விரலில் தட்டினால் அடியில் மண் இறங்கியிருக்கிறது. விரிசலின் இரண்டு பக்கமும் ஆணியால் ஒவ்வொரு கூட்டல் குறி கீறி, இடையில் உள்ள தூரத்தைத் தேதியோடு குறித்து வை. நல்ல மழைக்குப் பிறகு ஒரு தடவை, நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தடவை அள. எண் மாறாவிட்டால் பயமில்லை. சுத்தியலின் பின்பக்கத்தால் ஓரங்களைத் தட்டியும் பார். கணீரென்று கேட்டால் சரி, தொம் தொம்மென்றால் அடியில் வெற்றிடம்.

மட்டம் பார்க்க அந்தக் குட்டி ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போகாதே. அதை நகர்த்தி நகர்த்தி வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிசகும், மூன்று மீட்டர் போவதற்குள் பிசகெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். உள்ளே தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டியூப் வாங்கித் தண்ணீர் நிரப்பு. கொத்தனார்கள் காலங்காலமாக நம்பும் கருவி அது, இரு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் டியூப் பொய் சொல்லும். ஒரு நுனியை மேடான மூலையில் நிறுத்து, மறு நுனியை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோ. அந்த மூலையைப் பூஜ்யமாக வைத்து, மற்ற இடங்கள் எத்தனை மில்லிமீட்டர் தாழ்வு என்று தாளில் எழுது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மட்டம் வேண்டியது ஷெட்டுக்கு. தளம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் மழைத்தண்ணீர் தானாக ஓடிவிடும், அது வாட்டம்தான், நல்லது. பள்ளம் விழுந்து நடுவில் தண்ணீர் தேங்குவதுதான் கெடுதல். ஆகவே மண் அசையவில்லை என்று தெரிந்தால், தளத்தைத் தொடாதே, ஷெட்டின் அடிக்கட்டையைத் தூக்கு. மருந்தேற்றிய மரக்கட்டைகளை ஷெட்டின் தரைப்பலகைக்குக் குறுக்காகப் போட்டு, தாழ்வான பக்கத்தில் கட்டைக்கு அடியில் முட்டுக் கொடு. முட்டுக்கு மரத்துண்டு கூடாது, அது ஊறி நசுங்கும். கடினமான பிளாஸ்டிக் வில்லையோ கருங்கல் சில்லோ வை. அரை மீட்டருக்கு ஒரு முட்டாவது இருக்கட்டும். கட்டைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் ஈரம் ஏறாமல் தடித்த பாலித்தீன் பட்டை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் வரை இதுவே போதும். இன்னொரு லாபமும் இருக்கிறது, அடியில் காற்றுப் போவதால் தரைப்பலகை உளுத்துப் போகாது.

தளம் ஷெட்டைவிடப் பெரிதாக, நாலு பக்கமும் திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைப் படத்தில் பார்த்தேன். கோணலைவிட எனக்கு அதுதான் கவலை. சுவரில் வடியும் மழைத்தண்ணீர் அந்தத் திண்ணையில் விழுந்து நேராக ஷெட்டுக்கு அடியில் போகும். சரியான தளம் சுவருக்குக் கொஞ்சம் உள்ளேயே நிற்கும், தண்ணீர் நேராக மண்ணில் சொட்டும். கட்டை வைத்து உயர்த்தினால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக்கு வைரப்பல் பிளேடால் ஓரத்தை அறுத்து எடுக்கச் சொல்லலாம். தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. உன் புதுக் கண்ணுக்கும் ஆகாது, நீ தள்ளி நில்.

மேலே பூசுவது பற்றி. மெல்லிய பூச்சு வெளித்தளத்தில் நிற்காது. ஓரத்தில் பூஜ்யமாகச் சன்னமாகிற இடத்தில்தான் முதலில் உரியும். பள்ளத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்றால் நிரப்புகிற இடத்தின் ஓரத்தை நேராக வெட்டி, குறைந்தது 25 மில்லிமீட்டராவது கனம் கிடைக்கும்படி கொத்திவிடு. பழைய தளம் சொரசொரப்பாக, ஜல்லி தெரியும்வரை கொத்த வேண்டும். தூசியைக் கழுவி, முதல் நாளே தண்ணீர் விட்டு ஊற வை. கலவை போடும்போது மேலே தண்ணீர் நிற்கக் கூடாது, உள்ளே ஈரம் இருக்க வேண்டும். சிமெண்ட் பாலை, அதாவது தண்ணீரில் குழைத்த சிமெண்டை, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, அது காய்வதற்குள் கலவையை மேலே போடு. பால் காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் பிரித்துவைக்கும், சுரண்டிவிட்டு மறுபடி தேய்க்க வேண்டியதுதான். கையில் ரப்பர் உறை கட்டாயம், ஈரச் சிமெண்ட் தோலை வேகவைத்துவிடும்.

மேற்பரப்பு விரலால் தேய்த்தாலே மாவாக வருகிறது என்கிறாயே, அது தண்ணீர் அதிகம் ஊற்றிக் கலந்ததன் அடையாளம். கலவை இளகி ஓடினால் வேலை சுலபம், அதனால் ஊற்றுகிறார்கள். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் ஏற ஏறக் கான்கிரீட்டின் பலம் இறங்கும் என்பதை டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1918இலேயே சோதனை செய்து எழுதிவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் ஒரு வாளி கூடுதலாக ஊற்றுகிற கை நிற்கவில்லை. நீ கலந்தால் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குத் தண்ணீர் மொத்தம் 25 லிட்டரைத் தாண்டாதே. மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவு. போட்ட பிறகு ஏழு நாளாவது ஈரச் சாக்கு போட்டு மூடி வை. காய்ந்தால்தான் கெட்டியாகும் என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், காதில் வாங்காதே. ஈரம் இருக்கும்வரைதான் சிமெண்ட் இறுகும்.

ஓரத்தின் அடியில் வெற்றிடம் இருந்தால் கம்பியால் குத்தி ஆழம் பார். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவுக்கு மட்டும் ஈரமுள்ள கலவையைக் கட்டையால் இடித்து இடித்து உள்ளே திணிக்கலாம். ஆனால் கூட்டல் குறிகள் நகர்ந்துகொண்டே இருந்தால், அல்லது தளம் மூன்று நாலு துண்டாகித் துண்டுக்குத் துண்டு ஆடினால், அப்போது உடைத்துவிடு, யோசிக்காதே. உடைத்ததைத் தூக்கி எறியவும் வேண்டாம். முஷ்டி அளவுக்கு உடைத்தால் புதுத் தளத்துக்கு அடியில் போட்டு இடிக்க நல்ல சரக்கு அது. மேல்மண்ணை எடுத்துவிட்டு, அந்த உடைசலை 10 சென்டிமீட்டருக்குத் திம்சு போட்டு இறுக்கி, பாலித்தீன் விரித்து, அதன்மேல் 10 சென்டிமீட்டர் கான்கிரீட். பலகை அடைத்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துபார், சமமாக இருந்தால் மூலைகள் சரி.

வேலை செய்தவரைக் கூப்பிட்டுச் சண்டை போடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். டியூப் அளவு கையில் வந்த பிறகு கூப்பிடு. கோணல் என்று சொன்னால் வாதம் பண்ணுவார். வடக்கு மூலை 28 மில்லிமீட்டர் தாழ்வு என்று எழுதிய தாளைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். தானே வந்து சரி செய்கிறேன் என்றால் முதலில் என்ன செய்யப்போகிறார் என்று கேள். மேலே ஒரு பூச்சுப் போட்டுவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

மூலைகளோடு நடுவையும் ஓரங்களின் மத்தியையும் சேர்த்து ஒன்பது இடத்தில் அளந்து தாளை அனுப்பு. அதைப் பார்த்து எந்தக் கட்டைக்கு எவ்வளவு முட்டு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். ஷெட்டின் தரைப்பலகை அளவையும் எழுத மறந்துவிடாதே, படத்தில் தெரியவில்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்