பீரங்கி மேல் உட்கார்ந்திருப்பவர்

ஆசிரியருக்கு,

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் அரண்மனைப் படிக்கட்டுக் கூடத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் பத்தி முழுக்க, அங்கே விதானத்தில் ஓவியம் தீட்டிய தியெப்போலோவின் புகழ்தான். அவர் தீட்டுவதற்கு விதானத்தையே எழுப்பிக் கொடுத்த பல்தசார் நொய்மானின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

பிராங்க்பர்ட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் படிக்கட்டில் ஏறியிருக்கிறேன். எல்லோரும் அண்ணாந்து ஓவியத்தைப் பார்க்க, நான் தூணைத் தேடிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்றுகூடக் கிடையாது. ஏறக்குறைய 100 அடி நீளம், 60 அடி அகலத்துக்கு ஒரே வளைவுக் கூரை. அதுவும் கான்கிரீட் இல்லாத 1740-களில்! பாரம் குறைய வேண்டும் என்று எடை குறைந்த டஃப் கல்லைப் போட்டிருக்கிறார். சாரம் கட்டி, சென்ட்ரிங் அடித்து, வளைவை மூடி, கடைசியில் சென்ட்ரிங்கைப் பிரிப்பதற்கு முந்தின ராத்திரி மனுஷன் தூங்கியிருப்பாரா என்றுதான் என் யோசனை போயிற்று.

நொய்மான் பீரங்கியும் மணியும் வார்க்கும் தொழில் கற்று, பிறகு ராணுவப் பொறியாளர் ஆனவர். இந்த வளைவு நிற்காது என்றவர்களிடம், வேண்டுமானால் இதற்கு அடியில் பீரங்கியை வெடித்துப் பாருங்கள் என்றாராம். அது கதையாகவே இருக்கட்டும். 1945 மார்ச் 16 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டு ஊரே எரிந்தபோது, அரண்மனையின் மேல் மரக்கூரையும் தீப்பிடித்துச் சரிந்தது. வளைவு நின்றது. அதன் உள்பக்கத்தில் இருந்த ஓவியமும் பிழைத்தது.

தியெப்போலோவைக் குறைத்துச் சொல்லவில்லை. ஈரச் சுண்ணாம்புச் சாந்து காய்வதற்குள் அன்றன்றைய பகுதியைத் தீட்டி முடிக்கிற வேலை லேசுப்பட்டதல்ல. 1752, 53 இரண்டு ஆண்டுகளில் அத்தனை பெரிய பரப்பை நிரப்பியிருக்கிறார். விதானத்தின் நான்கு ஓரங்களிலும் நான்கு கண்டங்களைத் தீட்டியிருக்கிறார். படி ஏறும்போது முதலில் எதிரே தெரிவது அமெரிக்கா. பாதியில் திரும்பி ஏறினால் ஐரோப்பா. அங்கே, ஓரத்தில், ராணுவ உடுப்போடு ஒருவர் பீரங்கியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் நொய்மான். ஓவியம் முடிந்த அதே 1753-இல் அவர் இறந்தும் போனார்.

கட்டுரையோடு வந்த படத்தில், விதானத்தின் நடுவில் வரும் சூரியக் கடவுள் அப்போலோ மட்டும்தான் இருந்தார். முடிந்தால் அடுத்த இதழில் அந்த ஓரத்தின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சி.