மூலம்தான் என்று நீயே முடிவு கட்டாதே

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய விசேஷத்தையும் கிணற்றில் ஊற்று திரும்பியதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, மூன்று மாதமாக மலத்தோடு ரத்தம் போவதாகவும், அது மூலமாகத்தான் இருக்கும் என்று கருணைக்கிழங்கு லேகியம் சாப்பிட்டு வருவதாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

போன ஆடியிலிருந்து தை வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். துத்திக்கீரையை வதக்கித் தின்றேன், காரத்தை விட்டேன். சில வாரம் ரத்தம் நிற்கும். மருந்து கேட்டுவிட்டது என்று நினைக்கும்போதே திரும்பவும் வரும். வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஆண்களுக்கு 13-க்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் எனக்கு 9.2 இருந்தது.

மருத்துவர் விரலால் சோதித்து, பிறகு சிறு குழாய் வைத்துப் பார்த்து, உள்மூலம் இருக்கிறது என்றார். நான் நினைத்தது சரியாகிவிட்டது என்று நிம்மதியாக எழுந்தேன். "உட்காருங்கள். மூலம் இருப்பதால் குடலில் மேலே வேறொன்றும் இல்லை என்று ஆகிவிடாது" என்றார் அவர். மூல ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மலக்குடலில் உள்ள புண்ணிலிருந்தோ கட்டியிலிருந்தோ வரும் ரத்தமும் அதே சிவப்பாக வரலாம் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்று விளக்கி, பெருங்குடல் முழுவதையும் பார்க்க, ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயைச் செலுத்தும் கொலனோஸ்கோபி எழுதிக் கொடுத்தார்.

பரிசோதனையைவிட முந்தைய நாள்தான் கடினம். கீரை, தக்காளி, கொய்யா போன்ற நாரும் விதையும் உள்ளவற்றைச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். முந்தைய நாள் இளநீர் போன்ற தெளிந்த நீராகாரம் மட்டும். சிவப்பு நிறப் பானம் குடித்தால் உள்ளே ரத்தம் போலத் தெரியும் என்பதால் அது கூடாது. இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்த பேதி மருந்தில் பாதியை மாலையிலும் மீதியை விடிவதற்கு முன்பும் குடித்தேன். உப்பும் எலுமிச்சையும் கலந்த வழவழப்பான சுவை. வெளியேறுவது வெறும் மஞ்சள் நீராகும் வரை குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். மனைவி விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். இதில் சோம்பினால் குடலின் சுவர் தெரியாது, எல்லாம் வீண்.

மறுநாள் இடப்பக்கமாகப் படுக்கவைத்து மயக்க ஊசி போட்டார்கள். அரைத் தூக்கத்தில் திரையைப் பார்த்தேன். ஈரமான இளஞ்சிவப்புச் சுவர் வளைந்து வளைந்து போயிற்று. ஒரு வளைவில் காம்போடு கூடிய காளான் போல ஒன்று தொங்கியது, அதன் நுனியில் ரத்தம் கசிந்தது. இரண்டரை சென்டிமீட்டர். கம்பிச் சுருக்கை அதன் காம்பில் மாட்டி, மின்சாரம் செலுத்தி அறுத்து எடுத்துவிட்டார்கள். 1969-இல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற மருத்துவர்கள் இதைச் செய்துகாட்டும் வரை, பாலிப் எனப்படும் இத்தகைய சதை வளர்ச்சிக்கு வயிற்றையே திறக்க வேண்டியிருந்ததாம். நான் மாலையே வீட்டில் மோர்சாதம் சாப்பிட்டேன்.

சதைப் பரிசோதனையில் அது அடினோமா என்று வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் இந்த வகைதான் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடியது. மூன்று ஆண்டுகளில் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். குடலில் ஓட்டை விழும் ஆபத்து மிக அரிதாக உண்டு என்றும், அறுத்த இடத்தில் இரண்டு வாரத்துக்குள் ரத்தம் வந்தால் உடனே வர வேண்டும் என்றும் மறைக்காமல் சொன்னார்கள். எனக்கு எதுவும் ஆகவில்லை.

உனக்கும் வெறும் மூலமாகவே இருக்கலாம். ஆனால் உன் அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய் வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உடன்பிறந்தவருக்கு வந்திருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடும் என்பதால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு நீ சாப்பிடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையையும், சர்க்கரை மாத்திரையையும் அவரிடம் காட்டு. எதையும் நீயாக நிறுத்திவிடாதே.

மயக்கம் தெளிந்து தனியாக வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும் என்பார்கள். மகன் வெளியூரில் இருக்கிறானே என்று தள்ளிப்போடாதே. நாள் குறித்ததும் ஒரு வரி எழுது. முந்தைய நாளே வந்துவிடுகிறேன், அந்த இரவு உன் வீட்டு விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிதம்பரம்