பெஞ்சமினை எடுத்துவிடாதே

அன்பு மகளுக்கு,

ஆய்வேட்டிலிருந்து ஜெர்மன் மார்க்சியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். மெசியா (யூத மரபு எதிர்பார்த்திருக்கும் மீட்பர்), மீட்பு என்றெல்லாம் அவரைப் போலப் பேசினால் மார்க்சியத்துக்குள் மதம் புகுந்துவிடுமே என்பது உன் கவலை. எடுத்துவிடாதே அம்மா.

வரலாறு பற்றிய அந்தக் குறிப்புகளை அவர் எழுதியது 1940இல். ஜெர்மன் தொழிலாளர் இயக்கத்தை 1933இலேயே நாஜிகள் நசுக்கிவிட்டார்கள். 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு ஸ்டாலின் ஒப்பந்தம் போட்டுவிட்டார். காலவெள்ளம் தங்கள் பக்கமே ஓடுகிறது என்ற நினைப்பைப் போல அந்தத் தொழிலாளர்களைக் கெடுத்தது வேறெதுவும் இல்லை என்கிறார் பெஞ்சமின். அந்த இடத்தைத் திரும்பப் படி. நீ அஞ்சுகிற மூடநம்பிக்கை அங்கேதான் இருக்கிறது. விடுதலை தானாக வந்து சேரும் என்று உட்கார்ந்திருப்பதை உடைக்கத்தான் அவருக்கு மெசியா தேவைப்பட்டார்.

அந்த மெசியா வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் பலவீனமான ஒரு மீட்கும் ஆற்றல் தரப்பட்டிருக்கிறது. அதன்மேல் இறந்தவர்களுக்கு உரிமை உண்டு. தோற்றுச் செத்தவர்கள் எதிர்பார்த்திருந்த ஆட்கள் நாம்தான். எதிரி வென்றால் செத்தவர்களுக்கும் பாதுகாப்பில்லை என்று அவர் எழுதும் இடத்தில் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அடிமைப்பட்ட முன்னோரை நினைத்தால்தான் போராடுகிறவனுக்குக் கோபம் வரும், விடுதலை பெறப்போகும் பேரப்பிள்ளைகளை நினைத்து வராது என்கிறார். பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக என்று சொல்லியே போராடிய எங்கள் தலைமுறைக்கு இது கசக்கும். ஆனால் உண்மை.

பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவுக்கு அவ்வளவு பக்கம் வேண்டாம். சோவியத் விழுந்து, வரலாறே முடிந்தது என்று பலர் கூவிய 1993இல் கலிபோர்னியாவில் நின்று மார்க்சைப் பற்றிப் பேசினார். சில நாட்களுக்கு முன் கொல்லப்பட்ட தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கிறிஸ் ஹானிக்கு அந்த உரையைக் காணிக்கையாக்கினார். அதற்கு அவரை வணங்குகிறேன். ஆனால் அவர் சொல்லும் 'மெசியவாதம் இல்லாத மெசியத்தன்மை' யாருக்கு, எதை என்று சொல்லாத வாக்குறுதி. பெஞ்சமினிடம் நம் கடன் இறந்தவர்களுக்கு என்பது தெளிவாக இருக்கிறது. கிறிஸ்தவத் திருத்தூதர் பவுலை எடுத்துக்கொண்ட பிரெஞ்சுத் தத்துவவாதி பதியூ வேறு வழி; ஓர் அடிக்குறிப்பு போதும்.

பெஞ்சமினிடம் ஒரு குறை உண்டு, அதை மறைக்காமல் எழுது. புரட்சிகள் வரலாற்றின் ரயில் இன்ஜின்கள் என்றார் மார்க்ஸ். பயணிகள் அபாயச் சங்கிலியைப் பிடிப்பதுதான் புரட்சியோ என்று குறிப்பெழுதி வைத்தார் பெஞ்சமின். யார் இழுப்பது, எந்த அமைப்பாகச் சேர்ந்து இழுப்பது என்பதற்கு அந்தக் குறிப்புகளில் விடை இல்லை. உன் அத்தியாயம் அங்கே தொடங்கட்டும். எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா